பதினொரு தளம், ஒரே இன்ஜின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கொடைக்கானல் போய்வந்த ஒருவர் எழுதியிருந்தார். மலையில் தங்கும் விடுதிகளின் இணையதளங்களைத் திறந்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை, எல்லாவற்றிலும் அதே பனிமூட்டப் படம், அதே பச்சைப் பொத்தான், அதே 'இயற்கையின் மடியில்', யாரோ ஒரே நிரலை, அதாவது ஒரே புரோகிராமை, வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாக விற்றுக் காசு பார்க்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அடியிலிருந்து தனித்தனியாகச் செய்து கொடுத்தால்தான் இது சரியாகும் என்று. அந்த 'யாரோ'க்களில் நானும் ஒருவன். கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு பதினொரு தளங்களை ஒரே நிரலில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழு ஹோம்ஸ்டே, இரண்டு தேயிலைத் தூள் கடை, ஒரு தைலக்காரர், ஒரு வர்க்கி பேக்கரி.

அந்த வாசகர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாத் தளமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை, நானே என் பழைய வேலைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதுண்டு. ஆனால் காரணத்தை அவர் தப்பான இடத்தில் தேடுகிறார். நிரலைப் பகிர்ந்துகொள்வதால் முகம் ஒன்றாகிவிடுவதில்லை. முகத்துக்கு உழைக்காமல் விடுவதால்தான் ஒன்றாகிறது. இதை விளக்கத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் மலைக்கு வருவது உங்கள் கோவைப் பதிப்பு, கொடைக்கானலுக்குப் போவது வேறு பதிப்பு. தலையங்கம் ஒன்று, விளையாட்டுப் பக்கம் ஒன்று, ராசிபலன்கூட ஒன்றுதான், நடுவில் மாவட்டப் பக்கங்கள் மட்டும் மாறுகின்றன. ஒவ்வொரு ஊருக்கும் தனியாக ஒரு தலையங்கம் எழுத வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்பதில்லை. தலையங்கத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லாப் பதிப்பிலும் திருந்திவிடுகிறது. நான் செய்வதும் அதுதான்.

இணையத்தில்கூட இந்த ஏற்பாடு ஒருவகையில் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்ததுதான் என்பது உங்களுக்குச் சுவையாக இருக்கலாம். ஜாங்கோ என்று இணையதளங்களைக் கட்ட உதவும் ஒரு மென்பொருள் கட்டமைப்பு இருக்கிறது, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அது உருவானது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்திலுள்ள லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்று பெயர். ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தபோது தொடங்கிய வேலை, 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அந்த நாளிதழுக்குச் செய்திக்கு ஒரு தளம், ஊர்க் கேளிக்கைகளுக்கு ஒரு தளம் என்று இரண்டு இருந்தன. சில கட்டுரைகள் இரண்டிலும் வர வேண்டும், ஆனால் இரண்டு தடவை தட்டச்சு செய்யக் கூடாது. அதற்காக 'இந்தக் கட்டுரை எந்தெந்தத் தளத்துக்கு' என்று குறித்துவைக்கும் ஒரு பகுதியை ஜாங்கோவிலேயே வைத்தார்கள், இன்றும் அது இருக்கிறது. தளம் கட்டும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸிலும் இதுபோல் உண்டு, 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஒரே நிறுவலில் பல தளங்களை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் தனித் தீம், அதாவது தனித் தோற்றம்.

இது எப்படி முடிகிறது என்று சிலர் கேட்பார்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே நிரல், ஆனால் பதினொரு பெயருக்கும் பதினொரு வேறு பக்கம் வருகிறதே என்று. ஒன்றும் மாயமில்லை. நீங்கள் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால், அது சர்வரிடம், அதாவது தளம் இருக்கும் கம்ப்யூட்டரிடம், போய்ப் பக்கத்தை மட்டும் கேட்பதில்லை, 'நான் இன்ன பெயரைத் தேடி வந்திருக்கிறேன்' என்றும் சொல்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடு இருந்தால் தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாரே, அப்படி. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கென்று 1997-ல் வந்த எச்டிடிபி 1.1 விதியில்தான் இப்படிப் பெயர் சொல்வது கட்டாயமானது. அதற்கு முன்னால் தளத்துக்குத் தளம் ஒரு ஐபி எண், அதாவது இணையத்தில் கம்ப்யூட்டரின் கதவு எண், வாங்க வேண்டியிருந்தது. இப்போது யாராவது பக்கம் கேட்டு வந்தவுடன் என் நிரல் முதலில் அந்தப் பெயரைப் பார்க்கிறது, பட்டியலில் தேடி இது இன்னாருடைய தளம் என்று முடிவு செய்கிறது, அதற்குப் பிறகு எடுக்கிற படம், வாடகை, ஃபோன் நம்பர், டிசைன் எல்லாம் அந்தத் தளத்துக்குரியது.

எங்கள் மலை ரயிலில் வந்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை நீராவி இன்ஜின், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்து ஏறும், குன்னூரில் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டி உதகைக்குப் போவார்கள், பெட்டிகள் மாறாது. என் வேலை அதற்கு நேர் தலைகீழ். இன்ஜின் மாறாது, பெட்டிதான் ஆளுக்கொன்று.

சரி, இந்த முறைக்கு நான் புத்திசாலித்தனத்தால் வந்து சேர்ந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வாசகர் சொன்ன 'தனித்தனியாகச் செய்து கொடுப்பது' என்பதைத்தான் நான் முதலில் செய்தேன். முதல் ஹோம்ஸ்டே தளத்தை மூன்று மாதம் உழைத்துச் செய்தேன். இரண்டாவது ஆள் வந்ததும் அந்த ஃபோல்டரைக் காப்பி எடுத்து, பெயரையும் நிறத்தையும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது ஆளுக்கு இரண்டாவதிலிருந்து காப்பி. அவர் முன்பணம் வாங்க வேண்டும் என்றார், அவருடைய காப்பியில் மட்டும் அதைச் சேர்த்தேன். நாலாவது ஆளுக்கு எதிலிருந்து காப்பி எடுத்தேன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து பேருக்கு ஐந்து தனித் தளம். உள்ளே ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு நோய்.

அப்போது நடந்ததைச் சொல்கிறேன். சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நம் ஊரில் நான்காம் தேதி அதிகாலை ஒரு மணி என்றால் சர்வருக்கு அது மூன்றாம் தேதி மாலை ஏழரை. யாராவது நள்ளிரவுக்குப் பின் உட்கார்ந்து 'இன்று' என்று அறை பதிவு செய்தால் முந்தைய நாள் கணக்கில் ஏறிவிடும், உண்மையான நாளில் அறை காலி என்று காட்டும், அடுத்த ஆள் அதையே பதிவு செய்துவிடுவார். இந்தப் பிழையை நான் ஏற்கனவே கண்டுபிடித்துத் திருத்தியிருந்தேன், ஒரே வரிதான். ஆனால் திருத்தியது இரண்டு காப்பியில். மற்ற மூன்றிலும் திருத்த வேண்டும் என்று டைரியில் குறித்துவைத்துவிட்டு மறந்துபோனேன். மே மாதம், நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கிற வார இறுதி, ஊரில் ஓர் அறை கிடையாது. திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், இரவு ஷிஃப்ட் முடித்து ஒரு மணிக்குப் பதிவு செய்துவிட்டுக் காலையில் கிளம்பி வந்தவர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னாலேயே அந்த அறையில் ஈரோட்டுக்காரர்கள் பெட்டியை வைத்துவிட்டார்கள். ஹோம்ஸ்டே அக்கா எனக்கு ஃபோன் செய்து திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். "தம்பி, உன் கம்ப்யூட்டர் ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லியிருக்கு, யாரை நான் வெளியே அனுப்ப, நீயே வந்து சொல்லு" என்றார். போனேன். அந்தக் குடும்பம் அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் படுத்தது.

அன்று இரவே முடிவு செய்தேன், காப்பி எடுப்பது இனிமேல் கிடையாது என்று. ஐந்து ஃபோல்டரையும் ஒன்றாக்க ஏறக்குறைய ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

ஒன்றாக்கினால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை, அடுத்த முட்டாள்தனத்துக்குப் போனேன். நிரல் ஒன்றாகிவிட்டது, ஆனால் உள்ளே பார்த்தால் 'இந்தத் தளமா, அப்படியானால் பொத்தானை மேலே வை', 'அந்தத் தளமா, அப்படியானால் வாடகையைக் காட்டாதே, ஃபோன் செய்யச் சொல்' என்று பக்கத்துக்குப் பக்கம் நிபந்தனைகள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. புதிதாக ஒரு தளம் சேர்க்க வேண்டுமென்றால் இந்த நாற்பத்து மூன்று இடத்திலும் போய் அவர் பெயரையும் எழுத வேண்டும், எங்கேயாவது விட்டுவிட்டால் அவர் தளத்தில் வேறு யாருடைய பழக்கமோ தெரியும். கல்யாண வீட்டில் சமையல்காரர் ஒவ்வொரு பந்திக்கும் 'இவருக்கு உப்பு கம்மி, அவருக்குப் புளி ஆகாது' என்று நினைவு வைத்துக்கொண்டு ஒரே அண்டாவில் சமைப்பது மாதிரி.

இப்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, பொது நிரலுக்குள் எந்தத் தளத்தின் பெயரும் ஓரிடத்தில்கூட வரக் கூடாது. வேறுபாடுகள் இருக்க இரண்டே இடம். ஒன்று, தளத்துக்குத் தளம் ஒரு சின்ன அமைப்புத் தாள்: முன்பணம் வாங்குவாரா, எத்தனை மணிக்கு அறை காலி செய்ய வேண்டும், வாடகையை வெளியே காட்டலாமா. பொது நிரல் 'இது யார்' என்று கேட்பதில்லை, 'முன்பணம் உண்டா' என்று மட்டும் கேட்கிறது. இன்னொன்று டெம்ப்ளேட் ஃபோல்டர், பக்கங்களின் தோற்றத்துக்கான அச்சுகள் இருக்கும் இடம். ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஃபோல்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். 'அறைகள்' பக்கம் வேண்டுமென்றால் முதலில் அந்தத் தளத்தின் ஃபோல்டரில் தேடும், இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பொதுவிலிருந்து எடுக்கும். வீட்டில் கறிவேப்பிலை இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டோம் அல்லவா? இதனால் ஒருவருக்கு முகப்புப் பக்கம் மட்டும் முழுக்க வேறாகவும், விதிமுறைப் பக்கம் பொதுவிலிருந்து வருவதாகவும் வைத்துக்கொள்ள முடிகிறது. ஜாங்கோ, வேர்ட்பிரஸ் எதில் பார்த்தாலும் இதே யோசனைதான், வேர்ட்பிரஸ்ஸில் சைல்டு தீம் என்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. பேக்எண்ட், அதாவது சர்வரில் திரைக்குப் பின்னால் ஓடும் நிரல், தகவலை மட்டும் கொடுக்க வேண்டும், அலங்காரம் செய்து கொடுக்கக் கூடாது. என் பழைய நிரல் அறைகளின் பட்டியலை ஓர் அட்டவணையாகவே கட்டித் தந்துவிடும், கோடு, கட்டம், நிறம் எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் எந்த டிசைனர் வந்தாலும் அந்த அட்டவணைக்குப் பெயின்ட் அடிக்கத்தான் முடியும். 'எல்லாம் ஒரே மாதிரி' என்று உங்கள் வாசகர் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். இப்போது பேக்எண்ட் தருவது அறையின் பெயர், எத்தனை பேர் தங்கலாம், வாடகை வெறும் எண்ணாக, எந்தெந்த நாள் காலி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒருவர் பெரிய படங்களாக அடுக்குகிறார், இன்னொருவர் நாட்காட்டியாகக் காட்டுகிறார், பேக்கரிக்காரர் அறைக்குப் பதில் வர்க்கியின் எடையைக் காட்டுகிறார்.

ஒரே உள்ளடக்கத்தை எத்தனை முகமாகக் காட்ட முடியும் என்று சந்தேகம் இருந்தால் சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தைப் பார்க்கச் சொல்வேன். டேவ் ஷே என்பவர் 2003-ல் தொடங்கியது. அதில் எழுத்தும் பக்கத்தின் எலும்புக்கூடும் ஒன்றேதான், யாரும் தொடக் கூடாது. மாற்றலாம் என்று விட்டது நிறம், அளவு, இடம் எல்லாம் எழுதிவைக்கும் சிஎஸ்எஸ் கோப்பையும் அதனோடு வரும் படங்களையும் மட்டும். 200-க்கும் மேற்பட்ட டிசைன்கள் வந்தன, ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். எலும்புக்கூட்டையே தொடாமல் அவர்கள் அவ்வளவு செய்தார்கள். எலும்புக்கூட்டையும் மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தும் நாங்கள் பச்சையை நீலமாக்கிவிட்டு டிசைன் முடிந்தது என்கிறோம். இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டிசைன் வேறாக வேண்டும் என்றால் கடைக்காரரிடம் உட்கார்ந்து பேச வேண்டும், வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. தைலக்காரருக்கு வருகிற வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், மூட்டுவலிக்குத் தைலம் வேண்டுபவர்கள். அவர் தளத்தில் எழுத்து பெரிது, ஃபோன் நம்பர் பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும், படம் ஒன்றே ஒன்று. எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது, அவருக்கு ஆர்டர் வருகிறது. தேயிலைத் தூள் கடைகள் இரண்டில் ஒன்று டஸ்ட் டீ விற்கிறது, கிலோ என்ன விலை என்று தெரிந்தால் போதும். இன்னொன்றில் ஆர்த்தடாக்ஸ் இலை, அதாவது தூளாக்காமல் இலையாகவே சுருட்டிய தேயிலை, வாங்குபவர்கள் எந்த உயரத்தில் எப்போது பறித்தது என்றெல்லாம் கேட்கிறார்கள், அங்கே கதை சொல்ல இடம் வேண்டும். உள்ளே இரண்டுக்கும் ஒரே பொருள் பட்டியல், ஒரே கட்டண வழி. ஒரே ஃபேக்டரித் தூளை நாலு லேபிளில் நாலு கடைக்குப் போடுவது எங்கள் ஊரில் புதிது இல்லைதான், ஆனால் அங்கே உள்ளே இருப்பதும் ஒன்று. இங்கே சரக்கு அவரவருடையது, தராசு மட்டும் பொது.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயத்த தீம்கள் எல்லாம் ஆங்கிலத்துக்குச் செய்தவை, பொத்தானில் நாலு எழுத்து வரும் என்று நினைத்து அகலம் வைத்திருப்பார்கள். 'முன்பதிவு செய்க' என்று போட்டால் பொத்தான் பிதுங்கும், 'தொடர்புகொள்ளுங்கள்' என்று போட்டால் இரண்டு வரியாக உடையும். வரிகளுக்கு நடுவே அவர்கள் விடும் இடைவெளியில் நம் 'கி', 'கீ'யின் மேல்விலங்கும், கீழே இறங்குகிற 'மு', 'ழு'வும் எல்லாம் ஒன்றோடொன்று முட்டும். அதனால் வரி உயரம், பொத்தான் அகலம் இவற்றைத் தமிழுக்கென்று பொது ஃபோல்டரிலேயே சரிசெய்து வைத்துவிட்டேன், ஒரு தடவை செய்தது பதினொன்றுக்கும் போய்ச் சேர்ந்தது. எழுத்துருவை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறேன், ஒருவர் நோட்டோ சான்ஸ் தமிழ், ஒருவர் முக்தா மலர். வெறும் எழுத்துருவை மாற்றினாலே ஒரு தளத்தின் குரல் மாறுவதை நான் இங்கேதான் பார்த்தேன்.

ஒரே மாதிரி இருப்பது எல்லா இடத்திலும் குற்றமும் இல்லை. நீலகிரி மாவட்டத்தின் அரசுத் தளத்தையும் கொடைக்கானல் இருக்கிற திண்டுக்கல் மாவட்டத்தின் தளத்தையும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள், சாயல் தெரியும். இரண்டும் தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற பொது அமைப்பில் இருப்பவை, நாட்டில் எத்தனையோ மாவட்டங்கள் அதில்தான். அங்கே ஒரே சாயல் இருப்பது நல்லது, ஒரு மாவட்டத்தில் தேடிப் பழகியவருக்கு அடுத்த மாவட்டத்திலும் அதே இடத்தில் கிடைக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்கு வந்த இ-பாஸுக்கும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே தளம்தான். அதற்கு இரண்டு டிசைன் போட்டிருந்தால் எது உண்மை எது போலி என்று ஜனங்கள் குழம்பியிருப்பார்கள். ஆனால் ஹோம்ஸ்டேக்காரர் அரசாங்கம் இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து தான் எப்படி வேறு என்று காட்டினால்தான் அவருக்குப் பிழைப்பு.

இனி ஆபத்துகள். நல்லதை மட்டும் எழுதினால் விளம்பரம் ஆகிவிடும்.

பதினொரு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. பக்கங்கள் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று கேஷ் வைத்தேன், அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தைக் கால்மணி நேரம் எடுத்துவைத்துக்கொண்டு அடுத்து வருபவர்களுக்கும் அதையே கொடுப்பது. மழைக்காலத்தில் மலையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அதனால் நல்ல யோசனைதான். ஆனால் எடுத்துவைக்கும்போது 'அறைகள் பக்கம்' என்று மட்டும் எழுதி வைத்தேன், எந்தத் தளத்தின் அறைகள் என்று எழுதவில்லை. விளைவு, யார் தளத்தை முதலில் ஒருவர் திறக்கிறாரோ அவருடைய பக்கமே அடுத்த கால்மணி நேரம் எல்லாத் தளத்திலும். என் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் பங்காளிகள், அடுத்தடுத்த வீடு, தோட்டப் பங்கு விவகாரத்தில் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, இருவரும் என்னிடம்தான் தளம் வைத்திருக்கிறார்கள் என்பதே இருவருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. "என் சைட்டைத் திறந்தா அவன் ஃபோன் நம்பர் வருது, அவன் உனக்கு எவ்வளவு கொடுத்தான்?" என்று பெரியவர் கேட்டார். கேஷ் என்றால் என்ன என்று நான் விளக்க ஆரம்பித்தேன், அவர் காதில் 'கேஷ்' என்பது வேறு மாதிரி விழுந்தது.

படங்களிலும் இதே கதை. இரண்டு பேர் 'வீடு1' என்று ஒரே பெயரில் படம் ஏற்றினார்கள், ஒரே ஃபோல்டர், இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டது. பதிவு உறுதி மின்னஞ்சலின் அடியில் வேறு விடுதியின் பெயர் போனதும் உண்டு. இப்போது படம், கேஷ், மின்னஞ்சல், டேட்டாபேஸில் ஒவ்வொரு வரி என்று எல்லாவற்றிலும் தளத்தின் எண் ஒட்டியிருக்கும், அந்த எண் இல்லாமல் எதையாவது கேட்டால் நிரல் பதில் சொல்லாது, பிழை என்று நின்றுவிடும். தப்பான பதில் சொல்வதைவிட நின்றுபோவது மேல் என்று பங்காளிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அப்புறம், ஒரு பிழை செய்தால் பதினொன்றும் சேர்ந்து படுத்துவிடும். இதை மறுக்க முடியாது, இந்த முறையின் உண்மையான விலை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு காற்புள்ளியை விட்டதால் நாற்பது நிமிடம் எல்லாக் கடையும் மூடிக் கிடந்தது. அன்றிலிருந்து புது நிரலை முதலில் என் சோதனைத் தளத்தில் விடுகிறேன், பிறகு என் சித்தப்பாவின் ஹோம்ஸ்டேயில், அவர் திட்டினாலும் சொந்தக்காரர், இரண்டு நாள் கழித்துத்தான் மற்றவர்களுக்கு. பழைய பதிப்பும் பக்கத்திலேயே இருக்கும், ஒரு கட்டளையில் திரும்பிவிடலாம். மே மாதத்தில் நிரலைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் பதினொரு முகப்பையும் கணினியே ஒரு தடவை திறந்து படம் பிடித்துப் பழைய படத்தோடு ஒப்பிடும், எங்காவது ஒரு பொத்தான் நகர்ந்திருந்தால் எனக்குக் காட்டும். தனித்தனியாகப் பதினொன்று இருந்திருந்தால் இவ்வளவு காவல் போட எனக்கு நேரமும் இருந்திருக்காது, அவர்களுக்குப் பணமும் இருந்திருக்காது. மூன்று அறை வைத்திருக்கும் ஒரு அக்காவால் வருடத்துக்கு ஒரு சீசன் வார இறுதியின் வாடகையைத்தான் தளத்துக்கென்று ஒதுக்க முடியும். அடியிலிருந்து தனியாகச் செய் என்று சொல்பவர்கள் அந்த அக்காவுக்குத் தளமே வேண்டாம் என்று சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கிறது.

எல்லோரையும் எப்போதும் சேர்த்தே வைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்காரர் இப்போது மொத்த வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார், ஜிஎஸ்டி பில், கடனுக்குக் கொடுப்பது, ஒவ்வொரு வியாபாரிக்கும் தனி விலை என்று கேட்கிறார். அது டிசைன் வேறுபாடு இல்லை, தொழிலே வேறு. அவருக்காகப் பொது நிரலை வளைக்க ஆரம்பித்தால் மறுபடி நாற்பத்து மூன்று நிபந்தனை வந்து நிற்கும். அவரைத் தனியாகப் பிரித்து அனுப்பப் போகிறேன், அவருடைய தகவல் எல்லாவற்றையும் கையில் கொடுத்து. அதற்கு வசதியாக டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், அவர் பெயரில்தான் வாங்கியிருக்கிறது. தளம் வைத்திருக்கிற, வைக்கப்போகிற எல்லோருக்கும் சொல்கிறேன், நிரல் யாருடையதாகவும் இருக்கட்டும், டொமைன் பெயர் உங்கள் பெயரில், உங்கள் ஃபோன் நம்பரில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என்னைப் போன்ற ஆட்கள் நாளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டால் உங்கள் கடைக்குப் பெயர்ப்பலகையாவது மிஞ்சும்.

கடிதம் எழுதிய வாசகர் ஒருநாள் கோத்தகிரிப் பக்கம் வந்தால் பதினொரு தளத்தையும் திறந்து காட்டுகிறேன், எவை எவை உடன்பிறப்பு போலத் தெரிகிறது என்று அவர் சொல்லட்டும். இரண்டு ஹோம்ஸ்டே தளங்கள் இன்னும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் பனிமூட்டப் படமும் இருக்கிறது. அதில் ஒருவர், "பக்கத்து ஆளுக்குச் செய்த மாதிரியே வேணும், அவனுக்குத்தான் கூட்டம் வருது" என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது.

பன்னிரண்டாவது தளம் அடுத்த வாரம் ஏறுகிறது, அது உங்கள் வாசகர் போய்வந்த மலையிலிருந்துதான். பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிடுகிற ஒரு அண்ணன். படம் வேண்டாம், கதை வேண்டாம், இன்றைய விலை, எவ்வளவு இருப்பு, ஃபோன் நம்பர், இந்த மூன்றும் பழைய ஃபோனில்கூடத் திறக்க வேண்டும் என்றார். பேக்எண்டில் நான் ஒரு வரிகூடத் தொடவில்லை. பச்சைப் பொத்தான் வைக்கட்டுமா என்று கேட்டேன். "பூண்டு வெள்ளை தம்பி" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் கோவைப் பதிப்பின் வாசகர் ஒருவர்,
கோத்தகிரி